கேடயத்தைத் திருப்பிப் பாருங்கள்

கேட்கப்பட்ட கேள்வி இது: பழம்பொருள் கடை ஒன்றில் மரக் கேடயம் ஒன்றை வாங்கியிருக்கிறார் ஒருவர். உயரம் ஏறத்தாழ 110 செ.மீ. மேலே மூன்று கொம்புகள், கீழே இரண்டு. நடுவில் சிறு குமிழ். பிரம்புக் கட்டு உண்டு. 'இகோரொட் பழங்குடியினர் தலைவேட்டையில் பயன்படுத்தியது, 19ஆம் நூற்றாண்டு' என்று கடைக்காரர் சொன்னாராம். அது உண்மையா, எப்படித் தெரிந்துகொள்வது, கார்பன் சோதனை செய்யலாமா? நான்கு படங்களும் அனுப்பியிருக்கிறார். நான்குமே முன்பக்கப் படங்கள்.

முதலில் அந்தக் கேடயத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படம் எடுங்கள். கேடயத்தின் முகத்தை யார் வேண்டுமானாலும் அழகாகச் செதுக்கிவிடலாம். அது கைக்காகச் செய்யப்பட்டதா, சுவருக்காகச் செய்யப்பட்டதா என்பதைப் பின்பக்கம்தான் சொல்லும். வயதைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான். 'எவ்வளவு பழையது' என்று தொடங்குபவர்கள் பெரும்பாலும் கடைக்காரர் சொன்னதற்குச் சான்று தேடுபவர்களாக முடிந்துவிடுகிறார்கள். 'யாருடையது, யாருக்காகச் செய்தது' என்று தொடங்கினால் வயது கிட்டத்தட்டத் தானாகவே வந்து சேரும்.

யாருடையது என்பதிலிருந்து தொடங்குகிறேன். இகோரொட் என்பது ஒரே இனத்தின் பெயர் அல்ல. பிலிப்பைன்ஸின் வடக்கே, லூசோன் தீவின் கோர்டில்லேரா மலைத்தொடரில் வாழும் பல மக்களுக்கு வெளியார் வைத்த பொதுப்பெயர். மலையகத்தார் என்பதே அதன் பொருள். பொந்தொக், இஃபுகாவோ, கலிங்கா, கங்கனாய், இபலாய், இஸ்னெக், திங்குயன் எனத் தனித்தனிப் பெயர்களும் தனித்தனி மொழிகளும் அவர்களுக்கு உண்டு. இவர்களில் சிலர் இகோரொட் என்ற பெயரைத் தங்களுக்கு ஏற்பதில்லை. எனவே 'இகோரொட் கேடயம்' என்று ஒரு சீட்டில் எழுதியிருந்தால், எழுதியவருக்கு அந்தப் பொருள் எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரிந்திருக்கவில்லை என்றே பொருள்.

கலிங்கா என்றதும் நம்மவர்களுக்குப் பரணி பாடிய கலிங்கம் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. அண்டையிலுள்ள ககயான் பள்ளத்தாக்கு மக்களின் மொழிகளில் பகைவன், போராளி என்ற பொருள்படும் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

மேலே மூன்று, கீழே இரண்டு எனக் கொம்புகள் நீண்டு மெலிந்து நிற்பது கலிங்கா, திங்குயன் மக்களின் கேடயத்துக்கு உரிய அடையாளம். நடு உடல் சற்றே புடைத்திருக்கும். மையத்தில் குமிழ் இருக்கும். கருப்பும் சிவப்பும் பூசியவை உண்டு, கீறல் கோலங்கள் போட்டவையும் உண்டு. இந்த இரு மக்களும் பக்கத்துப் பக்கத்து மலைகளில் வாழ்பவர்கள். வடிவத்தை மட்டும் வைத்து ஒரு கேடயத்தை இன்னாருடையது என்று பிரிப்பது மிகக் கடினம். விற்பவர்கள் எல்லாவற்றையும் 'கலிங்கா' என்பதற்குக் காரணம் அந்தப் பெயருக்குச் சந்தையில் இருக்கும் மதிப்பு.

பொந்தொக் கேடயம் வேறு மாதிரி. ஐந்து கொம்புகள் இதற்கும் உண்டு. ஆனால் அவை குட்டையானவை. அகன்ற பலகையின் விளிம்பில் பல் வெட்டியது போல இருக்கும். உடல் தட்டை. உயரம் மூன்று அடி, அகலம் ஓர் அடி அளவில் அமையும். இஃபுகாவோ கேடயத்தில் நீண்ட கொம்புகளே கிடையாது. எளிமையான, அலங்காரம் குறைந்த பலகை அது. முதல்முறை பார்ப்பவர்களுக்கு அது ஏமாற்றமாகக்கூட இருக்கும். எனக்கோ இஃபுகாவோ கேடயங்கள்தான் மிகவும் பிடித்தவை, தேவைக்கு மேல் ஒரு கோடுகூட இல்லாததால். உங்கள் படத்தில் இருப்பது நீண்ட கொம்பு வகை. ஆகவே கலிங்கா அல்லது திங்குயன் வடிவம் என்று சொல்லலாம். வடிவம் என்றுதான் சொல்கிறேன். அந்த வடிவத்தை, அம்மலைகளின் சுற்றுலா நகரமான பாகியோவின் கடைத்தெருவுக்காக வேறொருவரும் செதுக்கியிருக்க முடியும்.

கொம்புகள் எதற்கு என்று அடுத்துக் கேட்பீர்கள். அமெரிக்க மானிடவியலாளர் ஃபே-கூப்பர் கோல் திங்குயன் மக்களிடையே தங்கி எழுதியவர். மேல் கொம்புகளைப் பகைவனின் கால்களுக்கு நடுவே செலுத்தி அவனை வீழ்த்துவார்கள், கீழ்க் கொம்புகளைக் கழுத்துக்கு இருபுறமும் ஊன்றித் தலையைக் கொய்வார்கள் என்ற விளக்கத்தை அவர் பதிவு செய்திருக்கிறார். விற்பனைச் சீட்டுகள் எல்லாம் இன்றுவரை இதைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்த விளக்கம் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேடயத்தின் அன்றாட வேலை, எறியப்படும் ஈட்டியைத் தட்டிவிடுவது. அதற்கு முதல் தேவை எடை குறைவு. பயன்பாட்டுக் கேடயத்தைக் கையில் எடுத்தால் அதன் அளவுக்கு இவ்வளவு லேசா என்று வியப்பு வரும். கனமான, அடர்ந்த மரத்தில் செய்த கேடயத்தைச் சுமந்துகொண்டு யாரும் மலை ஏறியிருக்க மாட்டார்கள்.

இனி பின்பக்கம். இந்தக் கேடயங்கள் ஒரே மரத்துண்டில் குடைந்து செய்யப்பட்டவை. உடல், குமிழ், கொம்புகள், கைப்பிடி எல்லாமே ஒரே துண்டு. குமிழுக்கு நேர் பின்னால் ஒரு குழி இருக்கும். குழியின் குறுக்கே, செதுக்கும்போதே விட்டுவைத்த பாலம்போல ஒரு கைப்பிடி ஓடும். தனியாகச் செய்து ஆணியடித்த கைப்பிடி, பசை போட்டு ஒட்டிய கைப்பிடி, தோல்வார், கயிறு இவற்றில் எது இருந்தாலும் அது பிற்காலத்துப் பொருள் அல்லது பெரிதாகப் பழுது பார்க்கப்பட்ட பொருள். சுவரில் மாட்ட மட்டும் ஒரு துளை போட்டு, பிடியே இல்லாமல் விட்டவையும் நிறைய உண்டு.

பிடி ஒரே மரத்தில் இருந்தாலும் நின்றுவிடாதீர்கள். உங்கள் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். அந்தக் குழிக்குள் மூன்று விரல்கள்தான் நுழையும். கட்டைவிரலும் சுண்டுவிரலும் வெளியே நின்று, கேடயத்தைச் சாய்க்கவும் திருப்பவும் உதவும். ஈட்டி நேராகக் குத்தி நிற்காமல் சறுக்கிப் போக வேண்டுமானால் கேடயத்தின் கோணத்தை நொடியில் மாற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்தவை வெளியே நின்ற இரண்டு விரல்களே. கையால் பிடிக்கவே முடியாத குறுகிய குழி, முழுக் கையும் தாராளமாக நுழையும் பெரிய குழி, விளிம்பு கூர்மையாக உள்ளங்கையை அறுக்கும் பிடி என்றெல்லாம் கண்டால், செதுக்கியவர் அதைத் தூக்கிப் பார்க்கும் எண்ணமே இல்லாமல் செய்திருக்கிறார் என்று புரியும்.

தேய்மானமும் அங்கேதான் பேசும். பல ஆண்டுகள் புழங்கிய பிடியின் அடிப்பகுதி, விரல்கள் வளையும் இடத்தில், நம் வீட்டு அம்மிக் குழவியின் கைப்பிடிபோல வழவழப்பாக இருக்கும். விரல் எட்டாத குழியின் மூலைகளில் கருவி வெட்டிய தடம் அப்படியே கூர்மையாக நிற்கும். இந்த வேறுபாடுதான் சான்று. பிடியும் மூலையும் குழியின் அடியும் ஒரே அளவில் வழவழப்பாக இருந்தால் அது உப்புத்தாளின் வேலை.

பின்பக்கப் பரப்பைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். அறையை இருட்டாக்கி, ஒரு டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். கத்தியாலும் வாய்ச்சி போன்ற கருவிகளாலும் சீவிய மரத்தில் சிறு சிறு தளங்கள் ஒழுங்கில்லாமல் அடுத்தடுத்துத் தெரியும். இணையாக, ஒரே இடைவெளியில் ஓடும் கோடுகள் இயந்திர ரம்பத்தின் அடையாளம். வட்டவட்டமான கீறல்கள் மின்சாரத் தேய்ப்பானுடையவை. கடைக்காரர்கள் முன்பக்கத்தில் இவற்றை மறைக்க மெனக்கெடுவார்கள். பின்பக்கத்தில் அவ்வளவு அக்கறை எடுப்பதில்லை.

பிரம்புக் கட்டைப் பற்றிப் பலர் தவறாக நினைக்கிறார்கள். அது அலங்காரத்துக்காகப் போட்டது இல்லை. நீளவாக்கில் இழை ஓடும் பலகையில் ஈட்டி பாய்ந்தால் பலகை நெடுக்கப் பிளந்துவிடும். அப்படிப் பிளந்தாலும் துண்டுகள் பிரியாமல் பிடித்துக்கொள்வதற்காகத்தான் மேலும் கீழும் குறுக்காகத் துளையிட்டுப் பிரம்பைக் கோத்துக் கட்டினார்கள். ஆகவே கட்டு இறுக்கமாகவும் முன்னும் பின்னும் முழுமையாகச் சுற்றியும் இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் பிரம்பு வைத்து ஒட்டியிருந்தால் முடிவு தெளிவு. துளைகள் எல்லாம் ஒரே அளவில், அச்சுப் பிசகாத வட்டமாக இருந்தால் துளைப்பு இயந்திரத்தைச் சந்தேகியுங்கள். பழைய கட்டில் பிரம்பு உலர்ந்து, நிறம் ஆழ்ந்து, துளையின் விளிம்பில் மரத்தை அழுத்திய தடம் விட்டிருக்கும். பிரம்பு மட்டும் புதிதாக இருப்பதால் கேடயமே புதிது என்று முடிவு கட்டாதீர்கள். பிரம்பை மாற்றுவது இயல்பான பராமரிப்பு. விரிசல் விட்ட இடத்தைப் பிரம்பால் தைத்திருப்பதைக் கண்டால் எனக்கு மகிழ்ச்சிதான் வரும். விற்பதற்காகச் செய்த பொருளை அப்படி யாரும் தைப்பதில்லை.

கருநிறத்தைப் பொறுத்தவரை மிகவும் எச்சரிக்கை தேவை. கோர்டில்லேராவின் பழைய வீடுகளில் புகைபோக்கி கிடையாது. அடுப்புப் புகை கூரை வழியே கசிந்துதான் வெளியேறும். வீட்டுக்குள் வைத்த மரச்சாமான் எல்லாம் ஆண்டுக்கணக்கில் புகை ஏறிக் கறுத்து, ஒருவகை மங்கிய மினுமினுப்புப் பெறும். வாங்குபவர்கள் இந்தக் கருமையைத்தான் 'பழமை' என்று நம்புகிறார்கள். விற்பவர்களுக்கும் அது தெரியும். ஷூ பாலிஷ், கரிப்பொடி கலந்த எண்ணெய், மரச்சாயம் எனப் பல வழிகளில் அதை ஒரே வாரத்தில் வரவழைத்துவிடுகிறார்கள். பழைய புகை சீராகப் படியாது. ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு, கை படும் இடத்தில் தேய்ந்து மரநிறம் எட்டிப்பார்க்கும். எங்கும் ஒரே கருமையும் பள்ளங்களில் மெழுகுபோலத் திரண்ட கருப்பும் தெரிந்தால் மூக்கை அருகில் கொண்டுபோங்கள். பாலிஷ் வாசனை மூடிய குழிக்குள் நெடுநாள் தங்கும்.

உளுப்பு ஓட்டைகளையும் நான் பெரிய சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. ஈரமான மலைப்பகுதியில் லேசான மரத்தை வண்டு சில ஆண்டுகளிலேயே துளைத்துவிடும்.

முகத்தில் பல்லி, தவளை, மனித உருவங்கள் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறதா? கீறல் கோலம் பழைய கேடயங்களிலும் உண்டு. ஆனால் முகம் முழுவதும் உயர்ந்த புடைப்புச் சிற்பமாக நிறைந்திருப்பது பயணிகளுக்கான வேலைப்பாடு என்றே பெரும்பாலும் கொள்ளலாம். தட்டிவிடப்பட வேண்டிய ஈட்டிமுனை அந்த மேடுபள்ளங்களில் சிக்கிக்கொள்ளும் என்பதை எண்ணிப் பாருங்கள். உங்கள் கேடயத்தின் முகம் அப்படி இல்லை. இது நல்ல அறிகுறி.

இனி காலம். இங்கே ஒரு வரலாற்றுச் சட்டகம் தேவை. ஸ்பெயின் ஆட்சி 1898 வரை பிலிப்பைன்ஸில் இருந்தாலும் இந்த மலைகளை அது முழுமையாக அடக்கியதே இல்லை. அப்படியும் 1887இல் மாட்ரிட் நகரில் நடந்த பிலிப்பைன்ஸ் கண்காட்சிக்கு இகோரொட் மக்களும் அவர்களுடைய பொருள்களும் கொண்டுபோகப்பட்டனர். 1880களில் அலெக்சாண்டர் ஷாடன்பெர்க் என்ற ஜெர்மானியர் இம்மலைகளில் சேகரித்தவை ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ளன. 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று உறுதியாகச் சொல்லத்தக்க கேடயங்கள் பெரும்பாலும் இத்தகைய பதிவுள்ள தொகுப்புகளில்தான் இருக்கின்றன. கடையில் கிடைக்கும் பதிவில்லாத கேடயத்தின் மீது 19ஆம் நூற்றாண்டு என்று எழுதுவது வெறும் விருப்பம்.

அமெரிக்க ஆட்சி வந்ததும் படை அதிகாரிகள், ஆசிரியர்கள், மதப்பணியாளர்கள் மலைக்குள் வந்தார்கள். அமெரிக்க மானிடவியலாளர் ஆல்பர்ட் ஜெங்க்ஸ் 1903இல் பொந்தொக்கில் தங்கி ஆய்வு செய்தார். 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட மலைமக்களை அழைத்துப்போய்க் காட்சிப்பொருளாக நிறுத்தினார்கள். மனிதர்களை வேலிக்குள் நிறுத்தி வேடிக்கை பார்த்த அந்த நிகழ்வை நினைக்காமல் இந்தப் பொருள்களின் சேகரிப்பு வரலாற்றைப் பேச எனக்கு மனம் வருவதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள பல கேடயங்கள் அந்தப் பத்து இருபது ஆண்டுகளில்தான் மலையை விட்டு வெளியேறின. அதே காலத்தில் தலைவேட்டையை அமெரிக்க நிர்வாகம் ஒடுக்கியது. போதோங் எனப்படும் ஊர்களுக்கிடையேயான அமைதி உடன்படிக்கைகளும் வலுப்பெற்றன. கேடயத்தின் போர்ப்பயன் குறைந்து, விழாவும் நடனமும் அதன் இடமாயின.

மறுபுறம் பாகியோ வளர்ந்தது. 1905இல் அங்கே செல்லும் கென்னன் சாலை திறந்தது, 1909இல் பாகியோ நகரத் தகுதி பெற்றது. கோடை வாசத்துக்கு வந்த அமெரிக்கர்களுக்கு நினைவுப்பொருள் தேவைப்பட்டது. அதாவது விற்பனைக்காகச் செய்த கேடயத்துக்கே இப்போது நூறு வயது ஆகியிருக்கலாம். 'பழையது' என்பதும் 'புழங்கியது' என்பதும் வேறு வேறு என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். 1945க்குப் பிறகு பிலிப்பைன்ஸின் கிளார்க், சூபிக் படைத்தளங்களில் இருந்த அமெரிக்கப் படையினர் வாங்கிச் சென்றவை எண்ணிக்கையில் மிக அதிகம். அத்தளங்கள் 1991, 1992 ஆண்டுகளில் மூடப்பட்டன. பாகியோவுக்கு அருகே ஆசின் சாலையில் இஃபுகாவோ மரச்சிற்பிகள் இன்றும் வேலை செய்கிறார்கள்.

பின்பக்கத்தில் ஒட்டிய சீட்டு, மையால் எழுதிய எண், பழைய கையெழுத்து ஏதாவது இருந்தால் அதைச் சுரண்டிவிடாதீர்கள். அந்த மலைப்பகுதியின் நிர்வாகப் பெயர்கள் பலமுறை மாறியிருப்பதால் ஒரு பெயரே காலத்தைச் சொல்லிவிடும். லெபாந்தோ-பொந்தொக் என்ற மாகாணம் 1902 முதல் 1908 வரைதான் இருந்தது. 1908இல் பெரிய மலை மாகாணம் உருவாயிற்று. 1966இல் அது உடைந்து கலிங்கா-அபயாவோ முதலிய மாகாணங்கள் பிறந்தன. 1995இல் கலிங்காவும் அபயாவோவும் பிரிந்தன. ஆக, சீட்டில் 'கலிங்கா-அபயாவோ மாகாணம்' என்று இருந்தால் அந்தச் சீட்டு 1966க்கு முந்தியதாக இருக்க வழியே இல்லை. நாட்டின் பெயருக்குப் பதில் 'பி.ஐ.', அதாவது பிலிப்பைன் தீவுகள், என்று இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க ஆட்சிக்கால எழுத்து. சீட்டு பழையது என்பதால் அது ஒட்டியிருக்கும் பொருளும் அவ்வளவு பழையது என்று ஆகிவிடாது. சீட்டின் பசை மரத்தில் விட்ட தடத்தையும் பாருங்கள்.

கார்பன் சோதனை செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். 19ஆம் நூற்றாண்டு என்பதை உறுதி செய்வதற்கென்றால் வேண்டாம். ஏறத்தாழ 1650 முதல் 1950 வரையிலான காலத்தில், இந்தச் சோதனை அளக்கும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு காற்றுமண்டலத்தில் ஏறி இறங்கியதால், 1700ஐ ஒட்டி வளர்ந்த மரமும் 1900ஐ ஒட்டி வளர்ந்த மரமும் ஒன்றுபோலவே விடை தரக்கூடும். ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் அது தெளிவாகப் பதில் சொல்லும். 1950களின் நடுவிலிருந்து நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கின. அதன்பின் வளர்ந்த மரத்தில் அந்தத் தடம் அழியாமல் இருக்கும். மாதிரியில் அது தெரிந்தால் கேடயம் அதற்குப் பிற்பட்டது, வாதம் முடிந்தது. தெரியாவிட்டால் மரத்தின் பழைய உள்வளையத்திலிருந்து மாதிரி எடுத்திருக்கலாம் என்ற சந்தேகம் மிஞ்சும். இவ்வளவுக்குச் செலவழிப்பதற்கு முன் ஒரு புறஊதா விளக்கு வாங்குங்கள். புதிய பசைகளும் செயற்கை வார்னிஷ் வகைகளும் அதன் கீழ் பளிச்சென்று ஒளிரும்.

ஒப்பிட்டுப் பார்க்கப் படங்கள் உண்டு. அமெரிக்க ஆட்சியின் உயர் அதிகாரியாக இருந்த டீன் வொர்செஸ்டர் காலத்துப் புகைப்படங்கள் பல அமெரிக்கப் பல்கலைக்கழகத் தொகுப்புகளில் இருக்கின்றன. அதே மலைகளிலுள்ள சகாடாவைச் சேர்ந்த புகைப்படக்காரர் எதுவார்தோ மஸ்ஃபெர்ரே 1930களிலிருந்து தம் மண்ணின் மக்களையே எடுத்த படங்கள் இன்னும் அருமையானவை. ஆளின் உயரத்தோடு கேடயத்தின் அளவை ஒப்பிட அவை உதவும். சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகம், பொந்தொக் அருங்காட்சியகம், மணிலாவின் தேசிய அருங்காட்சியகம் ஆகியவற்றில் உள்ளவற்றோடும் ஒப்பிடுங்கள்.

உங்கள் கேடயத்துக்கு வருகிறேன். வடிவமும் அளவும் பொருந்துகின்றன. இரண்டாவது படத்தில் பிரம்பு விளிம்பைச் சுற்றிப் பின்னால் போவது தெரிகிறது. கொம்புகளின் நுனியில் ஒன்று மட்டும் மழுங்கியிருப்பது இயல்பான தேய்மானமாகத் தோன்றுகிறது. கீழ்ப்பாதியின் சீரான கருப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பிடி ஒரே மரத்தில் இருந்து, அதன் அடி தேய்ந்து, மூலைகளில் வெட்டுத்தடம் நின்றால், 'கலிங்கா அல்லது திங்குயன், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, புழங்கியது' என்று எழுதிவைக்கலாம். பிடி தேயாமல் மற்றவை சரியாக இருந்தால் 'அதே வடிவம், 20ஆம் நூற்றாண்டு' என்பதோடு நில்லுங்கள். தலைவேட்டை என்ற சொல்லை எந்த நிலையிலும் எழுதாதீர்கள். மரத்தைப் பார்த்து அதைச் சொல்ல ஒருவராலும் முடியாது.

பிற்காலத்தது என்று தெரியவந்தால் அதைப் போலி என்று ஒதுக்கவும் வேண்டாம். பழையதென்று பொய் சொல்லி விற்றால்தான் அது போலி. விழா ஊர்வலத்துக்காகவும் நடனத்துக்காகவும் மலைமக்கள் தம் கையால் இன்று செய்யும் கேடயம் அவர்களுடைய கேடயம்தான்.

இன்னும் இரண்டு செய்திகள். பிலிப்பைன்ஸில் பண்பாட்டுப் பொருள்களின் ஏற்றுமதியை 1966 முதலே சட்டம் கட்டுப்படுத்துகிறது. பின்னர் வந்த குடியரசுச் சட்டம் 10066 அதை மேலும் இறுக்கியது. ஆகவே அது எப்போது நாட்டைவிட்டு வெளியேறியது என்பதற்கான காகிதம் ஏதாவது உண்டா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். அடுத்தது, தயவுசெய்து கேடயத்தைக் கழுவாதீர்கள், எண்ணெய் போடாதீர்கள். புகைப்படலமும் கைபட்ட மினுமினுப்பும் போய்விட்டால் திரும்ப வராது. மென்மையான உலர்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும். துளைகளிலிருந்து புதிய மரத்தூள் உதிர்ந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது என்று பொருள். நன்றாகப் பிளாஸ்டிக் உறையில் மூடி மைனஸ் 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தெடுப்பது அருங்காட்சியகங்களின் வழக்கம். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒருநாள் விட்டுவையுங்கள்.

பின்பக்கப் படங்கள் மூன்று போதும்: முழுத் தோற்றம் ஒன்று, பிடியின் அருகுத் தோற்றம் ஒன்று, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒன்று. பிடிக்குள் உங்கள் விரல்களை விட்டு எடுத்த படமும் இருந்தால் இன்னும் நல்லது.